நீலக்கை

பிப்ரவரி 11

அன்புள்ள மைத்துனருக்கு,

நலம். உங்கள் அக்காவும் நலமே. விபத்துச் செய்தி வந்த நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் குறைந்திருப்பதைத் தவிர வேறு குறையில்லை.

தொலைபேசியில் பேசிவிடக்கூடிய விஷயத்திற்கு ஏன் கடிதம் என்று நீங்கள் கேட்கக்கூடும். தொலைபேசியில் சொன்னதைப் பின்னாளில் எவரும் நிறுவ முடியாது. தேதியிட்ட கடிதம் தன் தேதியோடு நிற்கும். இக்கடிதத்தை என்றேனும் ஒரு மூன்றாம் நபர் வாசிக்கக்கூடும் என்ற நினைவோடுதான் எழுதுகிறேன். வழக்கத்துக்கு மாறாக உங்களை ‘நீங்கள்’ என்று விளிப்பதும் அதனால்தான்.

எனக்குத் தெரிந்தவரை நடந்தது இது. ஜனவரி 9 அன்று காலை, பணிக்கூடத்தில் லேத் இயந்திரத்தின் அடிப்படுகையைப் புரட்டிப் போடும்போது சங்கிலி நழுவியது. உங்கள் வலது கை படுகைக்கும் மேடைக்கும் நடுவே சிக்கியது. விரல்கள் காப்பாற்றப்பட்டன. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றிலும் உணர்வு திரும்பவில்லை. இதில் பிழை இருந்தால் உடனே எழுதுங்கள்.

இழப்பீட்டைக் கணக்கிடச் சட்டம் இரண்டு அளவுகளைப் பார்க்கும். உடலில் எவ்வளவு ஊனம் என்பது ஒன்று. அந்த ஊனத்தால் உங்கள் தொழிலில் ஈட்டும் திறன் எவ்வளவு போயிற்று என்பது மற்றொன்று. கணக்கருக்கு ஒரு விரல் போனால் அவர் கணக்கராகவே இருப்பார். உங்களுக்கு அப்படியல்ல என்பதை நாம் நிறுவியாக வேண்டும். நிறுவாவிட்டால் உங்களைத் ‘தகுதியுள்ளவர்’ என்று எழுதி அதே பணிமேடைக்குத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே வேலை கெட்டுப்போகும் நாளில், திறமைக்குறைவு என்று சொல்லி வெளியே அனுப்புவார்கள். இதை ஊகமாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் காப்பீட்டு நிறுவனங்களின் தரப்பில் ஆஜராகி வருபவன் நான்.

உங்கள் ஆலையின் காப்பீட்டு நிறுவனம் என் கட்சிக்காரர் அல்ல. ஆயினும் நான் உங்களுக்காக வாதாடுவது முறையாகாது. உங்கள் ஊரிலேயே ஒரு பெண் வழக்கறிஞரிடம் பேசியிருக்கிறேன். இளையவர், ஆனால் கோப்பை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை படிப்பவர். எங்கள் தொழிலில் அது அரிது.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 20

அத்தானுக்கு,

மைத்துனருக்கு என்று பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ்தான் வந்துவிட்டது என்று என் வீட்டுக்காரி, உங்கள் தங்கச்சி, பயந்துவிட்டாள். என்னைப் போய் நீங்கள் என்கிறீர்கள். கல்யாணத்தன்று உங்கள் செருப்பை ஒளித்துவைத்தவன் நான்.

இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பையன் எழுத்து மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை நீங்கள் எழுதியிருப்பது சரி. ஒன்றுதான். சங்கிலி நழுவவில்லை, கொக்கி விரிந்துவிட்டது. பழைய கொக்கி. ஃபோர்மேனுக்கும் தெரியும்.

என் வேலையை வக்கீலம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்களுக்கே சரியாகத் தெரியுமா என்பதும் சந்தேகம். முப்பது வருஷமாக நான் ஏதோ இரும்பைச் சுரண்டுகிறவன் என்றுதான் அக்காவும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மெஷின் கடைந்து கொடுத்த இரும்பு சமமாக இருக்காது. பார்க்கச் சமமாக இருக்கும், ஆனால் இருக்காது. சமமான ஓர் இரும்புப் பிளேட்டில் நீல மையை மெல்லிசாகத் தடவி அதை இரும்பின்மேல் வைத்துத் தேய்த்தால், மேடாக இருக்கிற இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த மேட்டை ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுக்க வேண்டும். திரும்ப மை, திரும்பச் சுரண்டல். நூறு தடவை, இருநூறு தடவை. கடைசியில் மையும் சொல்லாத ஒன்று இருக்கும். அதை விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முடியில் பத்தில் ஒரு பங்கு உயரம். அது என் இந்த மூன்று விரலில் இருந்தது.

அந்தப் புளூ இருக்கிறதே, சனியன். ஒரு சொட்டு பட்டால் சட்டை, கைப்பிடி, டிபன் பாக்ஸ், எல்லாம் நீலம். புதிதாக வந்தவர்கள் ஒரு வருஷம் நீலக்கையோடுதான் அலைவார்கள். ஒர்க் ஷாப்பில் ஒருவனை ‘நீலக்கை’ என்று சொன்னால் வேலை தெரியாதவன் என்று அர்த்தம். நான் மூன்றாம் வருஷத்திலிருந்து வெள்ளைச்சட்டை போட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். சட்டையில் ஒரு புள்ளி பட்டதில்லை. என் பேரே அங்கே வெள்ளைச்சட்டைதான். சம்பளச் சீட்டில் மட்டும்தான் நிஜப்பேர்.

ஃபோர்மேன் வந்து பார்த்துவிட்டுப் போனார். “ஒண்ணும் கவலைப்படாத வெள்ளை. விரல் எல்லாம் இருக்குல்ல? இருந்தா வந்துரும்” என்றார். விரல் இருக்கிறது. காலையில் எழுந்ததும் நானும் எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

மார்ச் ஆறாம் தேதி மருத்துவக் குழுவின் முன்னால் போக வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறது.

இப்படிக்கு
உங்கள் மைத்துனர்


பிப்ரவரி 27

அன்புள்ள மைத்துனருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கொக்கி விரிந்ததைத் திருத்தியது நன்று, வழக்கறிஞருக்கும் தெரிவித்துவிட்டேன்.

மருத்துவக் குழுவைப் பற்றி. கவராயம் போன்ற ஒரு கருவியால் உங்கள் விரல் நுனியைத் தொடுவார்கள். சில முறை ஒரு முனையால், சில முறை இரு முனைகளால். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றா இரண்டா என்று சொல்ல வேண்டும். எளிய சோதனை. எளியதாகையால்தான் பலர் இதில் வீழ்கிறார்கள்.

நான் கண்டவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். தோளுக்கு மேல் கை எழும்பவில்லை என்று சாட்சியம் சொன்ன ஒருவரை நான் குறுக்கு விசாரணை செய்தேன். “விபத்துக்கு முன் எவ்வளவு உயர்த்துவீர்கள்?” என்று கேட்டேன். உயர்த்திக் காட்டினார். வழக்கு அத்துடன் முடிந்தது. அவருக்கு உண்மையிலேயே காயம் இருந்தது என்பதை நான் பின்னர் அறிந்தேன். மிகைப்படுத்தியதால் உள்ளதையும் இழந்தார்.

ஆகவே மிகைப்படுத்தாதீர்கள். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று உங்கள் அக்கா கோபிக்கிறாள். எனினும் எவருக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்வதே முறை. ஐயம் எழுந்தால் உணர்வு இருப்பதாகவே சொல்லுங்கள். குறைத்துச் சொன்ன பதிலை எந்தக் குறுக்கு விசாரணையாலும் அசைக்க முடியாது. எங்கள் தரப்பில் கேள்விகளை எப்படித் தொடுப்பார்கள் என்பதை அறிந்தவன் என்ற முறையில் இதை வலியுறுத்துகிறேன்.

சோதனை முடிந்ததும், அறிக்கை வரக் காத்திராமல், நடந்ததை உடனே எழுதி அனுப்புங்கள்.

அத்தான்


மார்ச் 8

அத்தானுக்கு,

போய் வந்தாயிற்று. நல்லபடியாக முடிந்தது.

மூன்று டாக்டர்கள். ஒருவர் தொட்டார், ஒருவர் எழுதினார், ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னபடி மிகைப்படுத்தவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

எழுத்து மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலது கையாலேயே எழுதுகிறேன். பேனா பிடித்திருப்பது தெரியாது, ஆனால் கண்ணால் பார்த்துக்கொண்டே எழுதினால் எழுத வருகிறது.

வேறு விசேஷம் இல்லை. பகலில் வீட்டில்தான் இருக்கிறேன்.

அக்காவைத் தூங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
மைத்துனர்


மார்ச் 29

அன்புள்ள மைத்துனருக்கு,

மருத்துவக் குழுவின் அறிக்கை நகல் நேற்று வந்தது. “மூன்று விரல்களிலும் தொடு உணர்வு திருப்திகரம். இருபது தொடுகைகளில் பதினெட்டுக்குச் சரியான பதில். நிரந்தர ஊனம் ஆறு சதவீதம். முந்தைய பணிக்குத் தகுதியுள்ளவர்.” அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன், ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அறுவை செய்த மருத்துவரின் குறிப்போ, நரம்பு துண்டிக்கப்பட்டிருந்ததையும் உணர்வு மீள வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும் பதிவு செய்கிறது. இவ்விரண்டில் ஏதோ ஒன்று தவறு.

மற்றொன்று. எழுதத் தயங்குகிறேன், எழுதாமல் இருப்பதும் சரியல்ல. மார்ச் 8 தேதியிட்ட உங்கள் கடிதத்தின் வலது ஓரத்தில் மூன்று இடங்களில் நீலக் கறை இருக்கிறது. பேனா மை அல்ல. பேனா மை கறுப்பு. உறையின் பின்புறம் ஒரு முழுக் கட்டைவிரல் பதிவு. அது எந்த நீலம் என்பதை உங்கள் பிப்ரவரி மாதக் கடிதத்திலிருந்தே கற்றுக்கொண்டேன்.

நேராகக் கேட்கிறேன். நீங்கள் எங்கேனும் வேலை செய்துவருகிறீர்களா? வேறொரு பணிக்கூடத்திலோ, தெரிந்தவருக்கு உதவியாகவோ, ஊதியம் பெற்றோ பெறாமலோ? இக்கேள்வியை எதிர்த்தரப்பு கேட்பதற்கு முன் நான் கேட்பது உங்களுக்கு நல்லது.

அத்தான்


ஏப்ரல் 6

அத்தானுக்கு,

கேட்டுவிட்டீர்கள். நல்லது.

என்னைத் திருடன் என்று நேராகச் சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும், இரண்டு பக்கம் எழுதியிருக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உங்கள் தங்கச்சி சொன்னாள், “உங்க அத்தான் வீட்டுலயும் இப்படித்தான் இருப்பாரா? சாம்பாருக்கு உப்பு போட்டதுக்குச் சாட்சி கேப்பாரா?” சிரிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

முதலில் நீலம். பின்பக்க அறையில் ஒரு சின்ன பிளேட் வைத்திருக்கிறேன். ஒரு சாண் அகலம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பத்தாம் நாளிலிருந்து தினமும் மத்தியானம் உட்கார்ந்து சுரண்டுகிறேன். யாருக்காகவும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. என்றைக்காவது ஒருநாள் திடீரென்று தெரியும் என்று நினைத்தேன். இன்றுவரை தெரியவில்லை. மரக்கட்டையைக் கையில் கட்டிக்கொண்டு தடவுகிற மாதிரி இருக்கிறது.

உங்களுக்குக் கடிதம் எழுதும்போது கையைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். துடைத்ததாகத்தான் நினைத்தேன். மை ஈரமாக இருந்தால் விரலுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஸ்விட்ச், கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்ச் சொம்பு, எல்லாவற்றிலும் என் கை. இத்தனை நாளும் அவள் சத்தமில்லாமல் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். “ஏன் சொல்லல?” என்றேன். “என்னத்தச் சொல்ல” என்றாள்.

முப்பது வருஷத்தில் என்னை ஒருவரும் நீலக்கை என்று சொன்னதில்லை அத்தான். நீங்கள்தான் முதல் ஆள்.

இனி அந்த டாக்டர். கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். தொட்டார் போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “ஒண்ணா ரெண்டா?” என்றார். திரும்பவும் கேட்டார். “சொல்லுங்க, ஒண்ணா ரெண்டா?” தெரியலை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முப்பது வருஷமாக ஆட்கள் இரும்பை என் முன்னால் கொண்டுவந்து வைத்து “எப்படி இருக்கு?” என்று கேட்டிருக்கிறார்கள். ஒருநாளும் தெரியலை என்று நான் சொன்னதில்லை. அந்த வார்த்தை வாயில் இல்லை. அதோடு உங்கள் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. ஐயம் எழுந்தால் உணர்வு இருப்பதாகவே சொல்லுங்கள்.

கண்ணைக் கொஞ்சமாகத் திறந்து, இமை நடுவே பார்த்தேன். இரண்டு முனை. “ரெண்டு” என்றேன். “ம், குட்” என்றார். அந்த ‘குட்’ கேட்டதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. அப்புறம் எல்லாவற்றையும் பார்த்தே சொன்னேன். இரண்டு தடவை அவர் கை மறைத்துவிட்டது. அந்த இரண்டுதான் தப்பு.

ஊரில் எல்லோரும் இல்லாத நோவை இருப்பதாகக் காட்டி ஏமாற்றுவார்கள். நான் இல்லாத விரலை இருப்பதாகக் காட்டி ஏமாற்றியிருக்கிறேன். என் அளவுக்குக் கேனயனை உங்கள் இருபத்திரண்டு வருஷத்தில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பதில் எழுத வேண்டாம்.


ஏப்ரல் 15

அன்புள்ள மைத்துனருக்கு,

எழுத வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது சட்ட நிலையைத் தெரிவிக்கும் கடிதம் மட்டுமே என்று கொள்ளுங்கள்.

அறிக்கையை அப்படியே விட்டுவிட்டால் ஆறு சதவீதம் நிலைக்கும். நீங்கள் பணிக்குத் தகுதியானவர் ஆவீர்கள். மேற்கொண்டு என்ன நடக்கும் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

சோதனையில் கண்ணைத் திறந்து பார்த்தேன் என்று, வழக்கை விசாரிக்கும் இழப்பீட்டு ஆணையர்முன் சொன்னால், “அறிக்கை சாதகமாக வரவில்லை என்றதும் புனைந்த கதை” என்று எதிர்த்தரப்பு சொல்லும். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். மறு சோதனை கேட்டாலும் இதே பதில்தான்: ஒருமுறை ஏமாற்றியவர் மறுமுறை வேறு திசையில் ஏமாற்ற மாட்டார் என்பதற்கு என்ன உறுதி?

ஆகவே, அறிக்கைக்கு முந்தைய தேதியுள்ள, உங்களை அறியாமலே உண்மை சொல்லும் ஒன்று வேண்டும். அப்படி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மார்ச் 8 தேதியிட்ட உங்கள் கடிதமும் அதன் உறையும். அஞ்சல் முத்திரை மார்ச் 9. அறிக்கை கையெழுத்தானது மார்ச் 24. கையில் மை இருப்பதை உணர்ந்தவர் எவரும் உறையின்மேல் கட்டைவிரலை அழுத்தியிருக்க மாட்டார்.

அக்கடிதத்தைத் தாக்கல் செய்தால் அது எதற்குப் பதிலோ அதையும், அதைத் தொடர்ந்தவற்றையும் தாக்கல் செய்தாக வேண்டும். பாதியைக் காட்டி மீதியை மறைப்பது சரியல்ல. அது நிற்கவும் நிற்காது. அதாவது உங்கள் ஏப்ரல் 6 கடிதம் வாசிக்கப்படும். என் பிப்ரவரி 27 கடிதமும் வாசிக்கப்படும்.

அக்கடிதத்தில் ‘ஐயம் எழுந்தால்’ என்று தொடங்கும் வாக்கியத்தை எழுதியவன் நான். அறிவுரை என்ற அளவில் அது தவறு. ஐயம் எழுந்தால் ஐயம் என்றே சொல்லுங்கள் என்று எழுதியிருக்க வேண்டும். உங்களை நான் ஒரு கட்சிக்காரராகக்கூட எண்ணவில்லை. எதிர்க்கட்சிக்காரராக எண்ணி எழுதியிருக்கிறேன். இதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல எனக்குச் சொற்கள் கிடைக்கவில்லை.

தாக்கல் செய்ய உங்கள் ஒப்புதல் வேண்டும்.

அத்தான்


ஏப்ரல் 24

அத்தானுக்கு,

முடியாது.

கம்பெனி சாட்சியாக யாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வக்கீலம்மா சொன்னார்களா? ஃபோர்மேனை. பதினெட்டு வருஷமாகப் பக்கத்தில் நின்றவர். அவருக்கு முன்னால் நான் திருட்டுத்தனமாகக் கண்ணைத் திறந்து பார்த்தேன் என்று வாசிப்பார்கள். வீட்டு ஸ்விட்சு நீலமான கதையை வாசிப்பார்கள். சாயங்காலத்துக்குள் ஷாப் முழுக்கத் தெரியும்.

கை போனது போகட்டும். பேரையும் நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா?

நீங்கள் தவறு என்று எழுதியிருந்தீர்கள். அக்காவிடம் கேட்டேன், இவர் இதற்கு முன்னால் எப்போதாவது அப்படி எழுதியதுண்டா என்று. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் இல்லையாம். அந்தத் தாளைப் பிரேம் போடப் போகிறாளாம்.


மே 8

அன்புள்ள மைத்துனருக்கு,

விசாரணை மே 19 அன்று. உங்கள் கடிதங்கள் உங்களுடையவை. அவற்றைப் பற்றி இனி வற்புறுத்த மாட்டேன்.

என் கடிதங்கள் என்னுடையவை. அவற்றின் நகல்களையும், நீங்கள் எனக்கு எழுதியவற்றின் மூலங்களை முத்திரையிட்ட தனி உறையிலும் வழக்கறிஞரிடம் சேர்ப்பித்துவிட்டேன். நகல்களைத் தாக்கல் செய்ய அவருக்கு அனுமதி உண்டு. உறையைப் பிரிப்பது உங்கள் ஒப்புதலின்பேரில் மட்டுமே.

நான் ஆஜராகும் நிறுவனத்துக்கும், இத்தகைய கடிதம் ஒன்று பொதுப் பதிவுக்கு வரக்கூடும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டேன். அவர்கள் வேறு வழியில் அறிவது சரியல்ல.

வேறொன்றும் இல்லை. உங்கள் அக்கா விசாரணைக்கு வர விரும்புகிறாள். நான் வருவது உசிதமல்ல.

அத்தான்


மே 13

அத்தானுக்கு,

இரண்டு பிளேட்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தேய்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி இல்லாமல் பொருந்தும். பார்க்கிறவன் இரண்டும் சமம் என்பான். இல்லை. ஒன்று நடுவில் குழி, ஒன்று நடுவில் மேடு. அதனால்தான் அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. மூன்றாவது பிளேட் ஒன்றில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டின் லட்சணமும் தெரியும். வேலைக்குச் சேர்ந்தால் முதல் வாரம் சொல்லிக் கொடுப்பது இது.

உங்களுக்குச் சந்தேகம். எனக்கு வீம்பு. மூணு மாசமாக நன்றாகத்தான் பொருந்தியிருந்தோம்.

உறையைப் பிரிக்கச் சொல்லி வக்கீலம்மாவிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.


மே 24

அத்தானுக்கு,

அக்கா வந்து சொல்லியிருப்பாள். ஆனால் அவள் பாதி நேரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். அதனால் நான் எழுதுகிறேன்.

ஆணையரின் அறை சின்னது. ஒரு மேஜை, ஆறு நாற்காலி, மேலே ஓடாத ஒரு ஃபேன். வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். வேறு எதைப் போடுவது.

முதலில் ஃபோர்மேன். கம்பெனி வக்கீல் கேட்டார், “இவர் திரும்ப அந்த வேலையைச் செய்ய முடியுமா?”

“வெள்ளைச்சட்டைக்கு என்னங்க? அரைக்கை இருந்தாலும் எங்க ஆளுங்க பத்துப் பேருக்குச் சமம். அவர் தொட்டுச் சொன்னா நாங்க மெஷின்லகூடப் போட்டுப் பார்க்க மாட்டோம்.”

பதினெட்டு வருஷத்தில் அவர் என்னை ஒரு தடவை பாராட்டியதில்லை. அன்றைக்குத்தான் பாராட்டினார். ஒவ்வொரு வார்த்தையையும் கம்பெனி வக்கீல் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

அப்புறம் நம் வக்கீலம்மா எழுந்தார்கள். கடிதத்தைப் படிக்கவில்லை. கட்டைவிரல் பதிந்த அந்தத் தபால் உறையை மட்டும் எடுத்து ஃபோர்மேன் கையில் கொடுத்தார்கள்.

“இது என்ன கறைங்க?”

“புளூங்க. எங்க ஷாப் புளூ.”

“யாரோட கைன்னு சொல்ல முடியுமா?”

“எவனாவது புதுசா வந்தவனா இருக்கும். நீலக்கைன்னு சொல்லுவோம். துடைக்கக்கூடத் தெரியாது.”

“இவரோட கைன்னு சொன்னா?”

அவர் சிரித்துவிட்டார். “சும்மா இருங்கம்மா. இவர் கையில புளூவைப் பார்த்தவன் எங்க ஷாப்புல கிடையாது.”

ஆணையர் உறையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். குமாஸ்தாவைக் கூப்பிட்டு ஸ்டாம்ப் பேடு கொண்டுவரச் சொன்னார். என் வலது கட்டைவிரலை மையில் அழுத்தி ஒரு வெள்ளைத்தாளில் எடுத்தார்கள். குமாஸ்தா அழுத்தினதைக் கண்ணால் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். கட்டைவிரலின் குறுக்கே தையல் போட்ட தழும்பு இருக்கிறது அல்லவா? தாளில் வெள்ளைக் கோடாக விழுந்திருந்தது. உறையிலும் அதே கோடு.

இரண்டையும் ஃபோர்மேன் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்களிடம் ஒரு தடத்தைக் காட்டினால் உடனே பதில் சொல்ல மாட்டோம், திருப்பித் திருப்பிப் பார்ப்போம். அப்படிப் பார்த்தார். அப்புறம் ஆணையரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். கோர்ட்டில் அப்படிப் பேசக்கூடாதாம். பேசினார்.

“என்ன வெள்ளை, தெரியலையா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“தெரியலை” என்றேன்.

சொல்லிவிட்டேன் அத்தான். சொன்ன பிறகு ஏதாவது ஆகும் என்று இருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவே இல்லை.

ஃபோர்மேன் உறையை மேஜையில் வைத்தார். “அப்போ முடிஞ்சு போச்சுங்க” என்றார் ஆணையரிடம். “நான் முன்னால சொன்னதை அடிச்சிடுங்க.”

“அடிக்க முடியாது. இதையும் சேர்த்துத்தான் எழுத முடியும்” என்றார் ஆணையர். சேர்த்து எழுதிக்கொண்டார்.

கடிதங்களை அதற்கப்புறம் படித்தார்கள். உங்கள் வாக்கியத்தைக் கம்பெனி வக்கீல் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார், உங்கள் பேரோடு. நான் கண்ணைத் திறந்ததையும் படித்தார்கள். ஃபோர்மேன் வெளியே போய்விட்டார், கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

குமாஸ்தா துடைக்கத் துணி கொடுத்தார். நன்றாகத் துடைத்தேன். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் உங்கள் தங்கச்சி, “என்னங்க இது” என்றாள். சட்டைப்பையில், பொத்தானில், காலரில், நாலைந்து இடத்தில் நீலம். ஸ்டாம்ப் பேடு மை. எங்கள் புளூ இல்லை, இருந்தாலும் நீலம்தான். சட்டையைச் சோப்பில் ஊற வைத்திருக்கிறாள்.

மைத்துனர்


மே 30

மாப்பிள்ளை,

இனி இந்தக் கடிதங்களில் மறைக்க எதுவுமில்லை என்பதால் பழையபடி எழுதுகிறேன்.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. சாதகமாக வரும் என்று எண்ணுகிறேன்; உறுதி கூறமாட்டேன். நான் ஆஜராகி வந்த நிறுவனம் தன் வழக்கறிஞர் பட்டியலைத் திருத்தியிருப்பதாக நேற்று கடிதம் அனுப்பியது. இரண்டு வரி. மரியாதையான கடிதம். அலமாரியில் அவர்களுடைய கோப்புகள் இருந்த தட்டை உன் அக்கா துடைத்து வைத்திருக்கிறாள்; அங்கே என்ன வைப்பது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

ஒரு செய்தி அவசரம். அந்தச் சட்டையைத் துவைக்க வேண்டாம். தீர்ப்பு வந்த பிறகும் மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் அவகாசம் உண்டு. துடைத்த பிறகும் மை இருப்பது உனக்குத் தெரியவில்லை என்பதற்கு அது நேரடிச் சான்று. ஊறவைத்திருந்தால் உடனே எடுத்து, பிழியாமல், நிழலில் உலர்த்தி, காகித உறையில் இட்டு, மேலே தேதி எழுதி வைக்கவும்.

உன் கையைப் பற்றி நான் இதுவரை ஒருமுறையும் விசாரிக்கவில்லை என்று உன் அக்கா சொல்கிறாள். முதல் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரி.

கை எப்படி இருக்கிறது?

அத்தான்


ஜூன் 20

அத்தானுக்கு,

தீர்ப்பு வந்துவிட்டது. வக்கீலம்மா அனுப்பியிருப்பார்கள். “மனுதாரர் தம் தொழிலைச் செய்யும் திறனை முழுமையாக இழந்துவிட்டார்” என்று இருக்கிறது. உங்கள் தங்கச்சி அதை இரண்டு தடவை படித்தாள். “இதுக்குப் பேரு ஜெயிச்சதா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஃபோர்மேன் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். பின்னறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சின்ன பிளேட்டை அவர் முன்னால் வைத்தேன். “எப்படி இருக்கு?” என்றேன். விரலை ஒரு தடவை ஓட்டினார். “நல்லா இல்ல” என்றார். போகும்போது அதை அவரிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். ஷாப்பில் கதவுக்கு முட்டுக்கொடுக்க ஆகும்.

கையைக் கேட்டிருந்தீர்கள். அப்படியேதான் இருக்கிறது.

சட்டை விஷயம். உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே துவைத்தாகிவிட்டது. மூன்று தடவை. கறை போகவில்லை. வேண்டுமென்றால் சொல்லுங்கள், உறையில் போட்டுத் தேதி எழுதி அனுப்புகிறேன்.

மாப்பிள்ளை